ஒத்திகைக்கும் பணம் ஒதுக்குங்கள்

காவிரிப் படுகை ஊர்களின் விழாக் குழுவினருக்கும் கலை பண்பாட்டுத் துறை அதிகாரிகளுக்கும் வணக்கம்.

செய்யுளை மேடையேற்றுவதுதான் என் தொழில். நாடகத்தைத் தயாரிப்பதும் நானே, இயக்குவதும் நானே. திருவிழா வந்தால் கூப்பிடுகிறீர்கள், சால்வை போடுகிறீர்கள், அந்த ஒரு ராத்திரிக்குச் சம்பளமும் தருகிறீர்கள். நன்றி. ஆனால் அதற்கு முந்தைய மாதங்களுக்கு உங்கள் கணக்கில் இடமே இல்லை. "ஒத்திகைக்கு எதுக்குங்க காசு, வீட்டுலயே மனப்பாடம் பண்ணிட்டு வர வேண்டியதுதானே?" என்று ஒரு ஊரில் கேட்டார்கள்.

சிலப்பதிகாரத்தில் கண்ணகி பாண்டியனிடம் நீதி கேட்கும் வழக்குரை காதையை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஆசிரியப்பா என்ற செய்யுள் வகை, கைகொடுக்க மெட்டு கிடையாது. கண்ணகியாக நடிக்கும் பெண் முதலில் அடி முடிகிற இடத்தில் எல்லாம் நிறுத்துவார். பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பது போல இருக்கும். பொருள் முடிகிற இடத்தில் மூச்சு விடப் பழக வேண்டும். அப்புறம் அந்த மூச்சோடு நடை சேர வேண்டும், சிலம்பை உடைக்கும் கை சேர வேண்டும். பாண்டியன் பேசி முடிப்பதற்குள் இவர் தோள் திரும்பியிருக்க வேண்டும். இதெல்லாம் கூடி வந்தால் எழுத்தறியாத பாட்டிகூட அர்த்தம் கேட்காமல் அழுவார். பூம்புகார்ப் பக்கம் பார்த்திருக்கிறேன். அரைகுறையாகப் போட்டால் தமிழாசிரியரே எழுந்து போய்விடுவார்.

என் நடிகர்களில் பலர் நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவர்கள். சம்பா அறுவடை முடிந்த பிறகுதான் ஒத்திகைக்குச் சேர்ந்தாற்போல் ஆள் கிடைக்கும். வயலில் வேலை இல்லாத, வீட்டில் காசும் இல்லாத காலம் அது. பஸ் காசுக்கே யோசிப்பவரை எப்படி தினமும் வரச் சொல்வது? நல்ல குரல் உள்ளவர்கள் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

வழி நம் ஊரிலேயே இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் சோழ மன்னன் இரண்டாம் இராசேந்திரன் காலத்துக் கல்வெட்டைப் பாருங்கள். இராசராசேசுவர நாடகம் நடந்தது வைகாசிப் பெரிய திருவிழாவில். அதை ஆடிய கூத்துக் கலைஞர் சாந்திக்கூத்தன் விசயராசேந்திர ஆசாரியனுக்கு நெல் கணக்கிட்டதோ நாளுக்கு ஒரு தூணி, ஆண்டுக்கு 120 கலம் (பழைய நெல் அளவில் மூன்று தூணி ஒரு கலம்). ஆடாத நாளுக்கும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு.

அவ்வளவு கேட்கவில்லை. ஒப்பந்தத்தில் ஒத்திகைக்கென்று தனித்தொகை எழுதுங்கள். வைகாசி விழாவுக்கு மாசியிலேயே முன்பணம் கொடுங்கள். பணம் போதாதென்றால் சீரியல் செட் விளக்குகளைக் குறையுங்கள், இல்லை, மூன்று நாடகத்துக்குப் பதில் ஒன்றே போடுங்கள். மாலையில் சும்மா கிடக்கும் மண்டபத்தையும் திறந்துவிட்டால் பெரிய உதவி.

அடுத்த கமிட்டிக் கூட்டத்திலேயே இதைப் பேசுங்கள். கூப்பிட்டால் நடிகர்களோடு வருகிறேன். ஒரே காட்சியை, நேற்றுப் படித்தவர்களையும் மாதக்கணக்கில் பழகியவர்களையும் வைத்து அடுத்தடுத்து நடத்திக் காட்டுகிறோம். பார்த்துவிட்டுத் தொகையை முடிவு செய்யுங்கள்.