முதல் வண்டி பற்றி, இளங்கோவுக்கு

அன்புள்ள இளங்கோ,

நேற்று இரவு நீ அனுப்பிய படத்தை மூன்று தடவை திறந்து பார்த்துவிட்டேன். அழகான வண்டி. நாலு சிலிண்டர், 600 சிசி, கிட்டத்தட்ட 120 குதிரைத்திறன். "நீயே ஓட்டுறவதானே அம்மா, உனக்குப் புரியும்" என்று கீழே எழுதியிருந்தாய். நன்றாகவே புரிகிறது. 28 வருஷமாக பைக் ஓட்டுகிற நான், உன்னிடம் பைக்கே வேண்டாம் என்று சொன்னால் அது நியாயமில்லை. அதைச் சொல்லவும் இல்லை. இந்த வண்டியை நீ என்றைக்காவது வாங்கினால் முதல் ஆளாக நான் சந்தோஷப்படுவேன். ஆனால் முதல் வண்டியாக இது வேண்டாம் கண்ணா. போனில் பேசினால் நீ ஒன்று சொல்வாய், நான் ஒன்று சொல்வேன், பாதியில் இரண்டு பேருக்கும் குரல் உயர்ந்துவிடும். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

விழுந்துவிடுவாயோ என்ற பயம் எனக்கு இருக்கத்தான் செய்கிறது. அது எந்த அம்மாவுக்கும் இருக்கும். நான் சொல்ல வந்த விஷயம் அதைவிடக் கொஞ்சம் தள்ளி இருக்கிறது. அந்த வண்டியில் நீ ஓட்டக் கற்றுக்கொள்ள மாட்டாய். எனக்கு அப்படித்தான் ஆனது.

உன் வயதில் தெரிந்தவர் ஒருவரிடமிருந்து 750 சிசி வண்டி ஒன்றை வாங்கினேன். அதற்கு முன் சைக்கிளைத் தவிர இரண்டு சக்கரத்தில் எதையும் ஓட்டியதில்லை. எடை 230 கிலோவுக்கு மேல். மூன்றாவது நாளே கீழே போட்டேன், அதுவும் நிற்கப் போகிற நேரத்தில். ஒரு திருப்பத்தில் நடந்து போகிற வேகத்தில் வந்துகொண்டிருந்தேன், யாரோ குறுக்கே வந்தார்கள், ஹேண்டில்பார் இடது பக்கம் திரும்பியிருக்கும்போதே முன் பிரேக்கை இறுகப் பிடித்துவிட்டேன். வண்டி இடது பக்கம் சாய்ந்தது. கொஞ்ச தூரம் சாயும்வரை காலை ஊன்றித் தாங்க முடிந்தது. அதற்குப் பிறகு ஒரு கோணம் வருகிறது பார், அங்கிருந்து அது உன் பேச்சைக் கேட்காது. மெதுவாக, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே படுத்துவிட்டது. தூக்கி நிறுத்த இரண்டு பேர் வேண்டியிருந்தது. நூறு தடவை செய்து பழக வேண்டிய காரியம் மெதுவாகத் திருப்புவது. ஒரு தடவை கீழே போட்டதோடு நான் அதைச் செய்வதையே தவிர்க்க ஆரம்பித்தேன். திரும்ப வேண்டிய இடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போயிருக்கிறேன்.

அப்புறம் இன்னொன்று. அதை இதுவரை உன்னிடம் சொன்னதில்லை.

"பவர் என் கையில்தானே இருக்கிறது, நான் முறுக்காவிட்டால் அது போகாது" என்று நீ சொல்வாய் என்று தெரியும். நானும் அதையே சொல்லிக்கொண்டுதான் வாங்கினேன். முதல் மாதத்தில் ஒரு நாள், இரண்டாவது கியரில் போய்க்கொண்டிருந்தபோது சாலையில் ஒரு சின்ன மேடு வந்தது. கவனிக்கவில்லை. முன்சக்கரம் ஏறி இறங்கியதில் உடம்பு பின்னால் போனது. கை மட்டும் பிடியை விடவில்லை. உடம்பு பின்னால் போய், கை முன்னால் நின்றால் மணிக்கட்டு தானாகக் கீழே இறங்கும். மணிக்கட்டு இறங்கினால் ஆக்சிலேட்டர் திறக்கும். வண்டி பாய்ந்தது. அது பாய்ந்த வேகத்தில் உடம்பு இன்னும் பின்னால் போனது, மணிக்கட்டு இன்னும் இறங்கியது. விழாமல் இருக்கக் கையை இறுக்கிப் பிடிக்கப் பிடிக்க வேகம் கூடிக்கொண்டே போனது. இவ்வளவும் ஒரு மூச்சு விடுகிற நேரத்துக்குள். இடது கை எப்படியோ கிளட்ச்சை இழுத்துவிட்டது. இன்ஜின் அலறியது, வண்டியின் பாய்ச்சல் நின்றது. நான் ஓரமாக நிறுத்தி இறங்கினேன், முழங்கால் ரொம்ப நேரம் நடுங்கியது. அன்றைக்கு நானாக எதையும் முறுக்கவில்லை, இளங்கோ. சாலை முறுக்கியது.

புதிதாக ஓட்டுகிற யாருக்கும் இது நடக்கும். 125 சிசி வண்டியில் நடந்தால் ஒரு உந்து உந்தும், "ஓகோ, கையைத் தளர்வாக வைத்துக்கொள்ள வேண்டும் போல" என்று உடம்பு ஒரு பாடம் படிக்கும். நீ படம் அனுப்பிய ரக வண்டி முதல் கியரிலேயே 100 கிலோமீட்டரைத் தாண்டும். நின்ற இடத்திலிருந்து அந்த வேகத்தைத் தொட அதற்கு மூன்று, மூன்றரை வினாடி போதும். அதில் அதே தப்புக்குப் பாடம் படிக்க நேரம் கிடைக்காது.

அதற்குப் பிறகு 14 மாதம் அந்த வண்டியை ஓட்டினேன். பார்ப்பவர்களுக்கு நான் நன்றாக ஓட்டுகிற மாதிரிதான் இருந்திருக்கும். நேர்சாலையில் யாரும் நன்றாகத்தான் ஓட்டுவார்கள். வளைவு வந்தால் தோள் இறுகும், கண் முன்சக்கரத்துக்குச் சற்று முன்னால் தரையில் ஒட்டிக்கொள்ளும், இரண்டு விரல் பிரேக்கின் மேல் போய் உட்காரும். கண் எங்கே பார்க்கிறதோ வண்டி அங்கேதான் போகும். தரையைப் பார்த்தால் வளைவு எங்கே முடிகிறது என்றே தெரியாது. நடுவளைவில் பயந்து பிரேக்கைப் பிடித்தால் வண்டி நிமிர்ந்து நேரே ஓடப் பார்க்கும், எதிர்ப்பக்கத்துக்கு. இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. என் கவனம் முழுவதும் அந்த வண்டி என்ன செய்துவிடுமோ என்பதிலேயே போய்க்கொண்டிருந்தது.

பிறகு ஒரு பயிற்சி வகுப்பில் சேர்ந்தேன். அங்கே என் வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லிவிட்டு ஒரு பழைய 125 சிசியைக் கொடுத்தார்கள். மூன்று நாள். அந்த மூன்று நாளில் கற்றது 14 மாதத்தில் கற்றதைவிட அதிகம் என்று எழுதினால் நம்புவாயா என்று தெரியவில்லை, ஆனால் உண்மை. கிளட்ச்சைப் பாதி பிடித்து, பின் பிரேக்கை லேசாக மிதித்தபடி எட்டுப் போட்டேன். நாலு தடவை கீழே போட்டேன், நாலு தடவையும் நானே தூக்கி நிறுத்தி ஏறினேன். இடது பக்கம் திரும்ப இடது கைப்பிடியை முன்னால் தள்ள வேண்டும் என்று அங்கேதான் தெரிந்தது. கேட்டால் தலைகீழாக இருக்கும், ஆனால் ஓடுகிற வண்டி அப்படித்தான் சாய்ந்து திரும்பும். 14 மாதமாக என் கை தெரியாமலேயே அதைப் பாதியும் குறையுமாகச் செய்துகொண்டிருந்திருக்கிறது. பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் போவதால் நிறுத்துகிற வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குடையதுதான் என்றும், அதைப் பட்டென்று பிடிக்காமல் பிழிகிற மாதிரி பிடிக்க வேண்டும் என்றும் விரல் பழகியது.

மூன்றாம் நாள் சாயங்காலம் ஆக்சிலேட்டரைக் கடைசிவரை முறுக்கினேன். வாழ்க்கையில் முதல் தடவை. என் சொந்த வண்டியில் பாதிகூடத் திறந்ததில்லை.

சரி, உன் பக்கத்து நியாயங்களுக்கு வருகிறேன். ஏபிஎஸ் இருக்கிறது, பின்சக்கரம் வழுக்கிச் சுழலாமல் தடுக்கிற டிராக்ஷன் கண்ட்ரோல் இருக்கிறது என்பாய். இருக்கட்டும், ஏபிஎஸ் இல்லாத வண்டியை நீ வாங்கவே கூடாது. 1988-ல் பிஎம்டபிள்யூ தன் கே100 பைக்கில் ஏபிஎஸ் கொண்டுவந்ததிலிருந்து அது எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் அது சக்கரம் இறுகி வழுக்காமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். நீ எந்த வேகத்தில் வந்தாய் என்பதை அதனால் மாற்ற முடியாது. 50 கிலோமீட்டர் வேகத்தில் நிற்க ஆகிற பிரேக் தூரத்தைப் போல 100-ல் நாலு மடங்கு ஆகும். அதுவும் பிரேக்கைத் தொட்ட பிறகு. தொடுவதற்கு ஒரு வினாடி தயங்கினாலே 100-ல் 28 மீட்டர் போயிருப்பாய்.

அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் என்பவர் தலைமையில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்து 1981-ல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். பழைய அறிக்கைதான். ஆனாலும் அதில் இரண்டு விஷயம் என் மனதை விட்டுப் போகவில்லை. விபத்தில் சிக்கியவர்களில் 92 சதவீதம் பேர் தாங்களாகவோ நண்பர், உறவினர் சொல்லிக்கொடுத்தோ ஓட்டக் கற்றவர்கள். ஆபத்து தொடங்கியதிலிருந்து மோதல் வரை பெரும்பாலும் இரண்டு வினாடிகூட இருக்கவில்லை. அந்த இரண்டு வினாடியில் யோசிக்கவா முடியும்? விரல் என்ன பழகியிருக்கிறதோ அதைத்தான் செய்யும். உன் விரல் எந்த வண்டியில் பயமில்லாமல் பழகும் என்பதுதான் என் கேள்வி.

ஆறே மாதத்தில் சின்ன வண்டி அலுத்துவிடும் என்பது அடுத்தது. அலுக்கட்டும். பழைய வண்டியாகப் பார்த்து வாங்கினால், நன்றாக வைத்துக்கொண்டால், வாங்கிய விலைக்குப் பெரிய குறைவில்லாமல் விற்றுவிடலாம். கீழே போட்டாலும் ஒரு லீவர், ஒரு கண்ணாடியோடு போகும். நீ பார்த்து வைத்திருக்கிற வண்டியில் பக்கவாட்டு பிளாஸ்டிக் மூடி ஒன்று உடைந்தாலே மனசு உடைந்துவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சிசியை மட்டும் பார்த்து பயப்படவும் வேண்டாம், மயங்கவும் வேண்டாம். இதை நிறையப் பேர் குழப்பிக்கொள்கிறார்கள். ராயல் என்ஃபீல்டின் இன்டர்செப்டர் 650 சிசி, ஆனால் சுமார் 47 குதிரைத்திறன்தான். நீ அனுப்பியது அதைவிடச் சின்ன இன்ஜின், ஆனால் இரண்டரை மடங்கு திறன். ஒன்றில் இழுவை கீழேயிருந்து சீராக வரும், எவ்வளவு கேட்டாயோ அவ்வளவு. மற்றதில் கொஞ்ச நேரம் சாதுவாக இருக்கும், இன்ஜின் சுழற்சி ஏறியதும் வேறு வண்டியாகிவிடும். ஐரோப்பாவில் இதனால்தான் 2013 முதல் உரிமத்தைப் படிப்படியாக வைத்திருக்கிறார்கள். முதல் படியில் 125 சிசி, 11 கிலோவாட். நடுப்படியில் 35 கிலோவாட் வரை, அதாவது அந்த 47 குதிரைத்திறன். அங்கே இரண்டு வருஷம் இருந்தால் மேலே போகலாம், இல்லையென்றால் 24 வயது ஆக வேண்டும். ஆஸ்திரேலியாவில் புதியவர்களுக்கு 660 சிசிக்குள், ஒரு டன்னுக்கு 150 கிலோவாட்டுக்குள் என்று எடையையும் திறனையும் சேர்த்தே அளக்கிறார்கள். எனக்கு அந்தக் கணக்கு பிடிக்கும்.

எனவே நீ எங்கே பார்க்க வேண்டும் என்று கேட்டால், 200-லிருந்து 400 சிசிக்குள், 45 குதிரைத்திறனைத் தாண்டாமல், எடை 170 கிலோவுக்குப் பக்கத்தில், ஏபிஎஸ்ஸோடு. இருக்கையில் உட்கார்ந்தால் இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் பட வேண்டும். நுனிக்காலில் நின்று "சமாளிச்சிடுவேன்" என்று சொல்லாதே. மனசு கேட்கவில்லை, 650-தான் வேண்டும் என்றால் இன்டர்செப்டர் மாதிரி சீராக இழுக்கிற இரட்டை சிலிண்டர் ரகம் ஒன்றைப் பார். எடை கூடத்தான் செய்யும், ஆனாலும் நான் சண்டை போட மாட்டேன். நாலு சிலிண்டர் 600-ஐ மட்டும் தள்ளி வை. முதலிலேயே அதில் ஏறி நன்றாக ஓட்டுகிறவர்களும் உண்டு, எனக்கே இரண்டு பேரைத் தெரியும். இரண்டு பேரும் சின்ன வயதிலிருந்து மண்சாலையில் வேறு வண்டிகளில் விழுந்து எழுந்தவர்கள்.

ஒரு வருஷம், பத்தாயிரம் கிலோமீட்டர். மழையில், இரவில், காற்றில், ஆள் ஏற்றி, எல்லாவற்றிலும் ஓட்டு. நடுவில் ஒரு பயிற்சி வகுப்பு, கட்டாயம். அதற்குப் பிறகும் அந்தப் படத்தில் இருக்கிற வண்டிதான் வேண்டும் என்று தோன்றினால் சொல். நானும் கூட வருகிறேன், சேர்ந்தே போய் எடுப்போம். திரும்பி வரும்போது நான் பின்னால் உட்காருகிறேன்.

வண்டி எதுவானாலும் அதற்கு முன் ஹெல்மெட், ஜாக்கெட், பூட்ஸ், கையுறை. வண்டிக்கென்று வைத்திருக்கிற பணத்திலிருந்து இவற்றை முதலில் எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தில் வண்டியைப் பார். ஹெல்மெட்டை நீயே போட்டுப் பார்த்து வாங்கு, கன்னம் லேசாக அழுந்த வேண்டும், தலையை ஆட்டினால் தனியாக ஆடக் கூடாது. கையுறை நான் வாங்கி அனுப்புகிறேன். கீழே விழும்போது எல்லோரும் முதலில் நீட்டுவது கையைத்தான், அதனால் உள்ளங்கையில் தடுப்பு வைத்ததாக எடுக்கிறேன். ஒரு நூலை எடுத்து வலது உள்ளங்கையைச் சுற்றி அள. கட்டைவிரலைச் சேர்க்காதே, விரல் முட்டிகளுக்குக் கொஞ்சம் கீழே. எத்தனை சென்டிமீட்டர் என்று இன்றைக்கே அனுப்பு.

அன்புடன்
அம்மா