கிளிக் ஈவன்ட் மட்டும் போதாது, கமாண்டையும் கொடுங்கள்

டபிள்யூபிஎஃப் கஸ்டம் கன்ட்ரோல் எழுதும் நண்பர்களுக்கு,

வணக்கம். நீங்கள் எழுதும் கன்ட்ரோல்களை, அதாவது பட்டன் போன்ற திரைப் பாகங்களை, வைத்துத்தான் நான் தினமும் டபிள்யூபிஎஃப்பில் விண்டோஸ் செயலிகளின் திரைகளைக் கட்டுகிறேன். பார்க்க அழகாகவே இருக்கின்றன. ஆனால் உள்ளே இருக்கும் பட்டனை அழுத்தினால் என் வியூமாடலில் (திரைக்குப் பின்னால் தரவையும் செயல்களையும் வைத்திருக்கும் கிளாஸ்) ஒரு வேலை நடக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பல கன்ட்ரோல்களில் அதற்கு கிளிக் ஈவன்ட் மட்டும்தான் இருக்கிறது. கோட் பிஹைண்டில் (திரையோடு ஒட்டிய கோட் கோப்பு) ஒரு மெத்தட் எழுதி, அங்கிருந்து வியூமாடலைக் கூப்பிட வேண்டும். அந்தக் கன்ட்ரோல் வருகிற ஒவ்வொரு திரையிலும் இதே வேலை.

சிலர் ஐகமாண்ட் (ஒரு செயலையும், அதை இப்போது செய்யலாமா என்ற பதிலையும் சேர்த்துத் தரும் இன்டர்ஃபேஸ்) வகையில் ஒரு ப்ராப்பர்ட்டி வைக்கிறீர்கள், சரி. ஆனால் அது சாதாரண ப்ராப்பர்ட்டி என்றால், அதில் பைண்டிங் (வியூமாடலோடு இணைக்கும் வரி) எழுதியதும் திரை திறக்கும்போதே எக்செப்ஷன் வந்துவிடுகிறது. டபிள்யூபிஎஃப்பே மதிப்பை நிர்வகிக்கும் டிபென்டன்சி ப்ராப்பர்ட்டியாகப் பதிவு செய்தால்தான் பைண்டிங் ஏறும். அதோடு, செட்டருக்குள் லாஜிக் எழுதாதீர்கள். திரையை விவரிக்கும் ஸாமலும் பைண்டிங்கும் செட்டர் பக்கமே வராமல் நேராக மதிப்பை வைத்துவிடும். மாற்றத்தைப் பிடிக்க, பதிவு செய்யும்போது தரும் மெட்டாடேட்டாவில் கால்பேக் (மதிப்பு மாறியதும் ஓடும் மெத்தட்) கொடுக்க வேண்டும்.

இதெல்லாம் செய்தவர்களும் விட்டுவிடுவது கேன்எக்ஸிக்யூட்டை, அதாவது 'இப்போது செய்யலாமா' என்று கமாண்டைக் கேட்பதை. சேமிப்பு ஓடிக்கொண்டிருக்கும்போது என் கமாண்ட் 'இப்போது முடியாது' என்கிறது. டபிள்யூபிஎஃப்பின் சொந்த பட்டன் என்றால் உடனே மங்கிவிடும். உங்கள் கன்ட்ரோலோ பளிச்சென்று நிற்கிறது. பயனர் மறுபடி அழுத்துகிறார், நீங்கள் எதையும் கேட்காமல் எக்ஸிக்யூட்டைக் கூப்பிடுகிறீர்கள், ஒரே பதிவு இரண்டு முறை சேமிக்கப்படுகிறது. கேள்வி வருவது என்னிடம்தான்.

உள்ளே நிஜமான பட்டன் இருந்தால் இதற்குப் பெரிய வேலையே இல்லை. டெம்ப்ளேட் பைண்டிங் மூலம் கமாண்டையும் கமாண்ட் பாராமீட்டரையும் அந்த பட்டனுக்குக் கடத்திவிடுங்கள், மற்றதை அது பார்த்துக்கொள்ளும். பட்டன் இல்லாமல் மவுஸ் அழுத்தத்தை நீங்களே கையாண்டால்தான் உழைப்பு. கமாண்டைக் கூப்பிடும் கன்ட்ரோல்களுக்கான இன்டர்ஃபேஸான ஐகமாண்ட்சோர்ஸை எடுத்து எழுத வேண்டும். கமாண்ட் மாறும்போது 'செய்யலாமா' என்ற பதில் மாறியதைச் சொல்லும் பழையதன் கேன்எக்ஸிக்யூட்சேஞ்ச்ட் ஈவன்டிலிருந்து விலகிப் புதியதில் சேர வேண்டும். அதுவும் வீக் ஈவன்டாக இருக்கட்டும். இல்லையென்றால், கன்ட்ரோலைவிட நீண்ட நாள் உயிரோடிருக்கும் கமாண்ட், திரை மூடிய பிறகும் அதை மெமரியில் பிடித்து வைத்திருக்கும். இதற்கென்றே டாட்நெட் 4.5 முதல் கேன்எக்ஸிக்யூட்சேஞ்ச்ட்ஈவன்ட்மேனேஜர் இருக்கிறது.

அப்புறம், யூசர்கன்ட்ரோல் எழுதுபவர்களிடம் ஒரு வேண்டுகோள்: கன்ஸ்ட்ரக்டரில் டேட்டாகான்டெக்ஸ்ட்டை (பைண்டிங்குகள் மதிப்பைத் தேடும் இடம்) கன்ட்ரோலுக்கே வைத்துவிடாதீர்கள். நான் வெளியிலிருந்து கொடுக்கும் பைண்டிங் என் வியூமாடலை விட்டுவிட்டு உங்கள் கன்ட்ரோலுக்குள் தேடுகிறது. எக்செப்ஷன் வராது, பட்டன் வேலை செய்யாது, அவுட்புட் விண்டோவில் மட்டும் ஒரு வரி ஓடியிருக்கும். உள் பைண்டிங்குகளுக்கு, கன்ட்ரோலையே மூலமாகச் சுட்டிக்காட்டும் ரிலேடிவ்சோர்ஸ் போதும்.

கிளிக் ஈவன்டை எடுக்கச் சொல்லவில்லை. அதை நம்பி எழுதியவர்கள் இருக்கிறார்கள், அது அப்படியே இருக்கட்டும். அடுத்த வெளியீட்டில் அதன் பக்கத்திலேயே கமாண்டையும் வையுங்கள். வெளியிடும் முன், 'முடியாது' என்று சொல்லும் ஒரு கமாண்டைக் கட்டி, கன்ட்ரோல் மங்குகிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் கன்ட்ரோல்களைப் பயன்படுத்தும் ஒரு டெவலப்பர்