தபூக்கிலிருந்து அம்மாவுக்கு

தபூக்,
ஜனவரி மாதம்.

அன்புள்ள அம்மாவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நான் சுகம். நீங்கள், தங்கச்சி, மாப்பிள்ளை, பிள்ளைகள் எல்லாரும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன்.

உங்கள் கடிதம் கிறிஸ்மஸ் கழிந்துதான் ஆபீஸ் தபால் பெட்டிக்கு வந்து சேர்ந்தது. போனில் பேசினால் உங்களுக்குக் காது கேட்பதில்லை. தங்கச்சி நடுவில் நின்று கத்திச் சொல்கிறாள். அதில் பாதி அவள் சொந்தச் சரக்கு. அதனால்தான் எழுதுகிறேன். ஏட்டி, ஒரு வரி விடாமல் அம்மாவுக்கு வாசித்துக் காட்டு.

சவுதி என்றால் வெயில்தானே, கம்பளி எதற்கு என்று மேலத்தெரு மாமா கேட்டாராமே. அவரை இங்கே ஒரு ராத்திரி படுக்கச் சொல்லுங்கள். தபூக் வடமேற்குக் கோடியில், மேட்டில் இருக்கிற ஊர். ஜனவரியில் விடியற்காலம் தண்ணீர் உறைகிற அளவுக்குக் குளிர் இறங்கிவிடும். பண்ணையின் பம்ப் ரூமில் பேனல் போர்டைத் திறந்து ஸ்குரூவைப் பிடித்தால், விரலுக்குள் அது இருக்கிறதா விழுந்துவிட்டதா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். தோட்டமெல்லாம் வட்டம் வட்டமாக இருக்கும். ஆழத்திலிருந்து தண்ணீரை இறைத்து, சக்கரம் வைத்த நீளக் குழாய் சுற்றிச் சுற்றித் தெளிக்கும். கோதுமை, உருளைக்கிழங்கு எல்லாம் விளைகிறது. சாப்பாட்டுக்கு ஒரு குறையும் இல்லை. குப்பூஸ் ரொட்டி, வெங்காயம், பருப்பு. மீன் சாப்பிட்டு நாளாகிவிட்டது, அது ஒன்றும் பெரிசில்லை. நீங்கள் அனுப்பின உடன்குடிக் கருப்பட்டி இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

பக்கத்து ரூமில் ஒரு சூடான்காரப் பெரியவர், வாட்ச்மேன். யார் செருப்பு எங்கே கிடந்தாலும் சோடி சேர்த்து வரிசையாக வைத்துவிட்டு, காலுறை போடாதவனைத் தேடிப் பிடித்துத் திட்டுவார். மண் கூஜாவில் இஞ்சி தட்டிப் போட்டுக் காப்பி காய்ச்சுவார். எனக்கும் ஒரு சின்னக் கிண்ணம் உண்டு. வேண்டாம் என்றால் கோபம் வந்துவிடும்.

சரி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். "கோயிலும் இல்லை, பாதிரி ஐயரும் இல்லை, திருவிருந்தும் இல்லை. ஆண்டவர் உன்கூட இருக்கிறார் என்று எதை வைத்துடா நம்புகிறாய்?" என்று எழுதியிருந்தீர்கள். இந்த நாட்டில் கிறிஸ்தவக் கோயில் கட்டிடமே கிடையாது என்பது உண்மைதான். ஞாயிற்றுக்கிழமை வேலை நாள். மற்றதை விவரமாக எழுத வேண்டாம் என்று பார்க்கிறேன்.

இங்கிருந்து மேற்கே போனால் லவுஸ் மலை. 2500 மீட்டருக்கு மேலே உயரம், குளிர்காலத்தில் பனி விழும். இதுதான் மோசே ஏறின சீனாய் என்று சிலர் சொல்கிறார்கள். படித்தவர்கள் பலர் ஒத்துக்கொள்வதில்லை, நானும் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பக்கத்துப் பள்ளங்களில் நிற்கிற முள்மரத்தைப் பார்த்தால் நம் தேரிக்காட்டு உடைமரமேதான். மோசே ஆண்டவருக்குப் போட்ட ஆசரிப்புக் கூடாரத்துப் பலகைக்குச் சொன்ன சீத்திம் மரம் இந்த இனந்தான். அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு ஒரே யோசனை. சீனாயில் ஜனங்கள் கிட்டே வரக்கூடாது என்று மலையைச் சுற்றி எல்லை போட்டார்கள், தொட்டவன் சாவான் என்று. பிறகு அதே ஆண்டவர், இவர்கள் நடுவில் நான் தங்க ஒரு இடம் பண்ணுங்கள் என்று இந்த முள்மரத்தை அறுக்கச் சொன்னார். சாலொமோன் அவ்வளவு பெரிய ஆலயத்தைக் கட்டி முடித்துவிட்டு, வானாதி வானங்களும் உம்மைக் கொள்ளாதே, நான் கட்டினது எம்மாத்திரம் என்று நின்றான். அப்பேர்ப்பட்டவர் கிறிஸ்துவை விசுவாசிக்கிறவனுடைய இருதயத்தில் வந்து வாசம்பண்ணுகிறார் என்கிறார் பவுல். மலை, கூடாரம், ஆலயம், கடைசியில் இந்த எலெக்ட்ரீசியன். எனக்கே கூச்சமாக இருக்கிறது.

பவுலும் இந்தப் பக்கம் வந்திருக்கலாம் அம்மா. தமஸ்குவில் கண் திறந்தபின் அரபிதேசத்துக்குப் போனேன் என்று கலாத்தியருக்கு அவரே எழுதியிருக்கிறார். அப்போது அது நபத்தேயர் என்ற அரபியர் ஆண்ட பூமி, தபூக்கும் அதற்குள்தான். எந்த இடத்துக்குப் போனார், என்ன செய்தார் என்று ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அதே நிருபத்தில் அடுத்த அதிகாரத்தில்தான், இனி நான் அல்ல, கிறிஸ்துவே எனக்குள் பிழைத்திருக்கிறார் என்கிறார். நம் மெஞ்ஞானபுரம் கோயிலுக்கு அவர் பெயரை வைத்து 192 அடிக் கோபுரம் எழுப்பியிருக்கிறோம். அவருக்கோ அந்த வனாந்தரத்தில் ஒரு ஓலைக் கொட்டகைகூட இருந்திருக்காது.

உள்ளே இருக்கிறார் என்றால் எப்போதும் மனசு குளிர்ந்து கிடக்கும் என்று கன்வென்ஷனில் பிரசங்கம் பண்ணுகிறவர்கள் சொல்வார்கள். எனக்கு அப்படி இல்லை. அநேக நாள் ஒன்றும் தெரியாது. நாம் ஏற்ற விதமாய் வேண்டத் தெரியாமல் இருக்கும்போது, ஆவியானவர் வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுகிறார் என்று ரோமரில் இருக்கிறதே, அதுதான் எனக்குச் சரியாக இருக்கிறது. கிறிஸ்மஸ் அன்று ராத்திரி ஒரு மோட்டார் எரிந்துபோய் நான் பம்ப் ரூமில் இருந்தேன். மோட்டார் நின்றதும் ஒரே நிசப்தம். ஊரில் அதிகாலை ஆராதனைக்கு முதல் மணி அடிக்கிற நேரம். அப்பா டார்ச் லைட்டோடு முன்னால் போவதும், நீங்கள் புதுச் சேலை மொடமொடக்கப் பின்னால் வருவதும்... ஜெபம் பண்ணலாம் என்று முட்டுப் போட்டால் வாயில் வார்த்தை வரவில்லை, மூச்சுதான் வந்தது. அதைச் சாமி கேட்டிருப்பார் என்று நினைக்கிறேன். ரூமுக்கு வந்து கீர்த்தனை ஒன்றை மெதுவாக முனகிக்கொண்டிருந்தேன், கதவு திறந்து கிடந்ததைக் கவனிக்கவில்லை. அந்தச் சூடான்காரப் பெரியவர் வந்தார். ஒன்றும் பேசவில்லை. கதவைச் சத்தமில்லாமல் இழுத்துச் சாத்திவிட்டு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

இதனால் கோயில் வேண்டாம் என்று சொல்ல வருகிறேன் என்று நினைக்காதீர்கள். நீங்கள் தேவனுடைய ஆலயம் என்று பவுல் சொன்னது கொரிந்து சபையாருக்கு. அங்கே நம் சபைச் சேகரத் தேர்தல் மாதிரி ஒரே கட்சிச் சண்டை. அந்தச் சண்டைக்காரக் கூட்டத்தைத்தான் ஆலயம் என்றார். அசனப் பண்டிகைக்குப் பாயில் உட்கார்ந்து, இடதுபக்கம் யார், வலதுபக்கம் யார் என்று பாராமல் சாப்பிட வேண்டும்போல இருக்கிறது. லீவு எப்போது என்று கேட்காதீர்கள், சொல்லுகிறேன்.

இந்த மாதமும் பணம் கொஞ்சம் பிந்தும். கம்பெனியில் கணக்கு மாற்றுகிறார்கள், வேறொன்றும் இல்லை. அசனத்துக்கு நம் வீட்டுக் காணிக்கையை இப்போதைக்கு மைனியிடம் வாங்கிக் கட்டிவிடுங்கள், நான் அவளுக்கு அனுப்பிவிடுகிறேன். சின்னவன் பரீட்சை பீஸ் கடைசி நாள் என்றைக்கு என்று கேட்டு எழுதுங்கள். உங்கள் பிரஷர் மாத்திரையை ஒன்றுவிட்டு ஒருநாள் போடுகிறீர்களாம், மாப்பிள்ளை சொன்னார். மிச்சம் பிடிக்கிற இடம் அது இல்லை.

தெற்கு விளை நிலத்து விஷயம். அத்தை மகன் சொல்கிற விலைக்குத் தலையாட்டிவிடாதீர்கள். பட்டா இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கிறது. முதலில் தாலுகா ஆபீசில் வாரிசுச் சான்றிதழுக்கு எழுதிக் கொடுங்கள், இறப்புச் சான்றிதழ் பீரோவில் என் எஸ்எஸ்எல்சி புத்தகத்துக்குள் இருக்கிறது. கிணற்றுப் பங்கையும் சேர்த்து எழுதுகிறார்களா என்று டெய்லர் அண்ணாச்சியை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். நான் வருகிறவரை எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போட வேண்டாம், அவர்கள் வீட்டுக்கு வந்து அழுதாலும்.

உங்கள் மகன்