ஜி.என். ராமச்சந்திரனுக்கு ஒரு பிற்பகல் ஒதுக்குங்கள்

பெங்களூருத் தமிழ்ச் சங்கங்களின் பொறுப்பாளர்களுக்கு வணக்கம்.

அக்டோபர் 8, புரதங்களின் வடிவத்தை ஆராய்ந்த பேராசிரியர் ஜி.என். ராமச்சந்திரன் பிறந்த நாள். கணிதப் பேராசிரியர் நாராயண ஐயரின் மகனாக 1922இல் எர்ணாகுளத்தில் பிறந்தார். 1942இல் நம் ஊர் இந்திய அறிவியல் கழகத்தில் மின்பொறியியலில் சேர்ந்தவரை சி.வி. ராமன் இயற்பியலுக்கு இழுத்துக்கொண்டார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, கோபிநாத் கர்த்தாவுடன் 1954இல் தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் என்ற புரதத்தின் முப்புரி அமைப்பை (மூன்று இழைகள் முறுக்கிய வடிவத்தை) முன்வைத்தார். பிறகு பெங்களூரு திரும்பி மூலக்கூறு உயிரியற்பியல் துறையை உருவாக்கினார். சி.டி. ஸ்கேன் படம் உருவாகும் கணக்கிலும் அவர் பங்கு உண்டு. மனைவி ராஜலட்சுமி 1998இல் மறைந்தது அவரைப் பெரிதும் உலுக்கியது. 2001 ஏப்ரல் 7 அன்று காலமானார்.

மாலையும் உரையும் இருக்கட்டும். சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் இருவரோடு அவர் 1963இல் வெளியிட்ட, புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்ப முடியும் என்று காட்டும் வரைபடத்தைப் பள்ளிப் பிள்ளைகள் தங்கள் கையாலேயே போட்டுப் பார்க்கலாம். அதுதான் அவருக்குச் செய்யும் சரியான மரியாதை.

புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி; அவற்றை இணைக்கும் ஒவ்வொரு பெப்டைடு இணைப்பும் தட்டையானது. அதனால் காலண்டர் அட்டையே போதும். மெல்லிய அட்டை வளைந்து கணக்கைக் கெடுக்கும். ஒரு ஆங்ஸ்ட்ராமுக்கு (சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு) 5 செ.மீ. என்று வைத்து, ஆல்ஃபா கார்பன் (ஒவ்வொரு அமினோ அமிலத்தின் நடுக் கார்பன்) முதல் அடுத்த ஆல்ஃபா கார்பன் வரை 19 செ.மீ. வருமாறு ஒரே அளவில் இரண்டு அட்டைகள் வெட்டுங்கள். ஆக்சிஜனுக்கு 6.2, ஹைட்ரஜனுக்கு 5 செ.மீ. நீளத்தில் கிளை விடுங்கள். முதல் அட்டையின் நைட்ரஜன் பிணைப்பிலும் இரண்டாவதன் கார்பன் பிணைப்பிலும் ஸ்ட்ரா ஒட்டி, 110 பாகையில் வளைத்த சைக்கிள் சக்கரக் கம்பியைச் செருகினால் இரண்டும் தனித்தனியே சுழலும். ஸ்ட்ரா தளர்வாக இருந்தால் அட்டை தானே சரியும். ஒரு சுற்று டேப் போடுங்கள்.

இனி ஒவ்வொரு அட்டையையும் 30 பாகைக்கு ஒரு நிலையாகத் திருப்புங்கள். அட்டைக்கு 12 வீதம் மொத்தம் 144 நிலைகள்; நான்கு குழுக்கள் பிரித்துக்கொள்ளலாம். ஒவ்வொரு நிலையிலும் நூல் பிடித்து அளக்க வேண்டும். இரு ஆக்சிஜன்களுக்கு இடையே 13.5, ஆக்சிஜனுக்கும் ஹைட்ரஜனுக்கும் 12, இரு ஹைட்ரஜன்களுக்கு 10 செ.மீ. இதற்குக் குறைந்தால் அணுக்கள் மோதுகின்றன என்று பொருள்; முதல் அட்டையின் கோணத்தைக் கிடையாகவும் இரண்டாவதன் கோணத்தைச் செங்குத்தாகவும் குறித்த கட்டத்தாளில், அந்த நிலைக்குரிய கட்டத்தில் பெருக்கல் குறி போடுங்கள்.

முதல் சுற்றில் கிடைப்பது ஏறத்தாழ, பக்கக் கார்பன் இல்லாத மிகச் சிறிய அமினோ அமிலமான கிளைசினின் படம்: இரு பக்கமும் சமச்சீராக இருக்கும். பிறகு ஆல்ஃபா கார்பனில் 7.7 செ.மீ. கம்பியால் பக்கக் கார்பன் ஒன்றைச் சேர்த்து, ஆக்சிஜனிலிருந்து 14 செ.மீ. விலகல் கேளுங்கள். வலப்பாதி பெரும்பாலும் அடைபட்டுப்போகும். கொலாஜனில் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசினே வருவது ஏன் என்று கேட்கச் சரியான தருணம் இது. மூன்று புரிகளுக்கு நடுவே அதைவிடப் பெரிய எதற்கும் இடமில்லை.

பக்கக் கார்பனைத் தவறான பக்கத்தில் பொருத்தினால் படம் தலைகீழாகிவிடும். இன்னொன்று: முழுதும் நீண்ட சங்கிலியை அன்று 0 பாகை என்று எண்ணினார்கள், இன்று 180 பாகை என்கிறோம். பழைய படத்தோடு ஒப்பிடும் பிள்ளைகளுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அட்டை வெட்டும் அச்சுப்படத்தையும் தமிழ்க் குறிப்பையும் நாங்கள் தருகிறோம். ஒரு கூடமும் பத்து மேசைகளும் போதும்.

அன்புடன்,
பெங்களூருத் தமிழ் அறிவியல் ஆசிரியர்கள் சிலர்