சாம்பார் வாளிக்கும் ஒரு பாடத்திட்டம்

கும்பகோணம்
ஐப்பசி

அன்புள்ள மாப்ளே,

தீபாவளி ஆர்டர் முடிகிற வரைக்கும் பேனா பிடிக்க நேரமில்லை. அதனால்தான் பதில் தள்ளிப்போனது. வீட்டில் எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான், வாய் மட்டும் கொஞ்சமும் குறையவில்லை. போன தடவை நீ வெறும் காபியோடு கிளம்பிப் போனதை இன்னும் சொல்லிக்காட்டுகிறாள். குறுவை அறுத்தாச்சு. மழை முந்திக்கொண்டதால் தம்பி நெல்லை ரோட்டில் கொட்டிக் கிளறிக்கொண்டிருக்கிறான். ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் வந்தால்தான் கொள்முதலில் எடுப்பார்கள். அவன் வானத்தைப் பார்க்கிறான், நான் அவன் முகத்தைப் பார்க்கிறேன்.

இனி நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். ஓட்டலில் பரிமாறுகிறவர்களுக்கான தகுதிப் பாடத்தைப் புதுப்பிக்க உங்கள் கல்லூரியில் ஆசிரியர்கள் சேர்ந்து எழுதிய குறிப்பை அனுப்பியிருந்தாய். கடை நடத்துகிறவன் கண்ணுக்கு எப்படிப் படுகிறது என்று கேட்டாய். உண்மையைச் சொன்னால் கோபப்படக் கூடாது. மேஜையைப் பற்றி நன்றாகவே எழுதியிருக்கிறீர்கள். துணி மடிப்பு, முள் கரண்டி வைக்கிற இடம், இடப்பக்கம் பரிமாறி வலப்பக்கம் எடுப்பது என்று எதுவும் விட்டுப்போகவில்லை. மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுகிற ஆளைத்தான் அதில் காணோம். கப்பலில் வேலை பார்த்த உனக்கு அந்த மடிப்பெல்லாம் சோறு போட்டது, நான் குறை சொல்லவில்லை. ஆனால் உன்னிடம் படிக்கிற பையன்களில் எத்தனை பேர் கப்பலேறப் போகிறார்கள்? மிச்சப் பேர் வருவது தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை என்று நம் ஊர்க் கடைகளுக்குத்தான்.

இந்தப் புதுப்பிப்பு வேலையே வீண் என்று நான் நினைக்கவில்லை. தொழிற்பயிற்சித் தகுதிகளைப் படிப்படியாகப் பிரிக்கிற தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பு 2013-இல் வந்தபோது படிகள் 1 முதல் 10 வரை இருந்தன. 2023-இல் திருத்தியபோது எட்டாகக் குறைத்து, இரண்டரை, மூன்றரை, நாலரை என்று நடுவில் அரைப்படிகளும் வைத்தார்கள். கீழே இருப்பவன் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி வரட்டும் என்கிற எண்ணம் எனக்குப் பிடித்திருக்கிறது. எங்கள் கடையில் அந்த அரைப்படியைப் பற்றி எவனுக்கும் தெரியாது. சம்பளத்தில் அரைப்படி ஏறினால் அன்று சாயங்காலமே தெரிந்துவிடும்.

பந்தியில் வாளி தூக்கிய காலத்தில் உன்னையும் என்னையும் மேய்த்தாரே, அந்த சப்ளையர் அண்ணன், அவர் இன்னும் நம் கடையில்தான் இருக்கிறார். முழுநேரம் நிற்க முடியாது என்பதால் மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் வருகிறார். அவர் செய்வதை ஒரு நாள் ஓரமாக நின்று பார்த்தேன். இலை நுனி இடப்பக்கம், உப்பும் ஊறுகாயும் முதலில் என்பதெல்லாம் யாருக்கும் சொல்லிக்கொடுத்துவிடலாம். அவருடைய கண் இலையின் கீழ்ப்பாதியை விட்டு நகரவே இல்லை. சாப்பிடுகிறவர் சாம்பார் சாதத்தை ஓரம் ஒதுக்கி, மிச்சமிருக்கும் சோற்றின் நடுவில் விரலால் குழி பறிக்க ஆரம்பித்ததுமே ரசவாளி அங்கே நிற்கிறது. சாப்பிடுகிறவர் தலையைத் தூக்கி யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. இலைமேல் உள்ளங்கையை விரித்தால் "போதும்" என்று அர்த்தம். ஆனால் பாதி விரித்த கை "கொஞ்சமாகப் போடு" என்கிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நம் சப்ளையருக்குத் தெரியும், அதை எந்தத் தாளிலும் நான் பார்த்ததில்லை.

இது இந்த மண்ணில் பிறந்தால்தான் வரும் என்று நினைத்துவிடாதே. இப்போது நம் கடையில் அவருக்கு அடுத்தபடி இலை பார்க்கத் தெரிந்தவன் ஒடிசாவிலிருந்து வந்த பையன். வந்த புதிதில் கூட்டு எது, பொரியல் எது என்று தெரியாமல் முழித்தான். அண்ணன் பின்னாலேயே மோர் வாளியோடு அலைந்தான், கற்றுக்கொண்டான். ஆக இது சொல்லிக்கொடுக்கக்கூடிய வித்தைதான். சொல்லிக்கொடுக்க முடியும் என்றால் பாடத்தில் எழுதவும் முடியும். எழுதுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

அடுத்தது ஒவ்வாமை. இதற்கு உங்கள் குறிப்பில் ஒரே ஒரு வரிதான் ஒதுக்கியிருக்கிறீர்கள். போன ஞாயிற்றுக்கிழமை காலை டிபன் நேரம். நவக்கிரகக் கோயில்களுக்குப் போகிற வழியில் ஒரு குடும்பம் வந்து உட்கார்ந்தது. இட்லிக்குக் கடப்பா (பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் போட்ட நம் ஊர்க் குழம்பு) வைத்தோம். அந்த அம்மா, "தம்பி, இதுல முந்திரி, வேர்க்கடலை ஏதாவது உண்டா? பையனுக்கு ஆகாது" என்று கேட்டாள். பரிமாறியவன் முறையாகப் பயிற்சி முடித்து வந்த பையன். சிரித்த முகத்தோடு, "அதெல்லாம் இல்லீங்க மேடம்" என்றான். சிரித்த முகத்தை நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அன்றைக்குத் தேங்காய் போதாமல் சரக்கு மாஸ்டர் முந்திரியைச் சேர்த்து அரைத்திருந்தார். அது அடுப்படியில் இருக்கிறவர்களுக்கு மட்டும்தான் தெரியும். நல்ல வேளையாக அண்ணன் காதில் விழுந்தது. கிண்ணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, "இருங்க தாயி, உள்ள கேட்டுட்டு வந்துடறேன்" என்று போனார். திரும்பி வரும்போது சட்னியோடு வந்தார். பரிமாறிய பையனுக்குத் தெரியாதது முந்திரி இல்லை. தெரியாவிட்டால் உள்ளே போய்க் கேட்க வேண்டும் என்பதுதான் அவனுக்குத் தெரியவில்லை.

உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி பொட்டலத்தில் சொல்லியே ஆக வேண்டிய ஒவ்வாமைப் பொருள்கள் எட்டு வகை: குளூட்டன் உள்ள தானியம், இறால் நண்டு வகை, பால், முட்டை, மீன், வேர்க்கடலையும் கொட்டைப் பருப்புகளும், சோயா, சல்பைட். மெனுவிலேயே கலோரியும் ஒவ்வாமையும் போட வேண்டும் என்ற விதி 2022 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. ஆனால் அது மத்திய உரிமம் உள்ள கடைகளுக்கும், பத்துக் கிளையோ அதற்கு மேலோ வைத்திருப்பவர்களுக்கும்தான். எங்களை மாதிரி ஒற்றைக் கடைக்குச் சர்வர் வாய்தான் லேபிள். அவனுக்கு எட்டு வகையையும் ஒப்பிக்கச் சொல்லிக்கொடுத்தால் மட்டும் பத்தாது. நம் சமையலில் அது எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரிய வேண்டும். புளியோதரையில் வேர்க்கடலை கண்ணுக்குத் தெரியும். சாம்பாரில் கோதுமை எங்கேயடா வந்தது என்று கேட்பான். கட்டிப் பெருங்காயத்தை உறை பிரித்துப் பார்க்கச் சொல், பெரும்பாலும் மைதாவோ கோதுமை மாவோ சேர்த்திருப்பார்கள். இதைப் பாடமாக வைத்தால் நானே வந்து ஒரு வகுப்பு எடுக்கிறேன்.

உணவைக் கையாளுகிற 25 பேருக்குக் குறைந்தது ஒருவர் உணவுப் பாதுகாப்புப் பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும் என்று ஆணையம் சொல்கிறது. நல்ல விதிதான். நடைமுறையில் அந்த ஒருவர் கல்லாவில் இருப்பார், இல்லை அடுப்படியில் இருப்பார். மேஜைப் பக்கம் வருகிறவனுக்கும் அதில் பாதியாவது தெரிய வேண்டாமா?

பார்சல் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2019 ஜனவரி 1-இல் பிளாஸ்டிக் தடை வந்ததிலிருந்து சூடான சாம்பாரைச் சிந்தாமல் கட்டுவது தனி வேலையாகிவிட்டது. ஆப்பில் ஆர்டர் எடுத்த தம்பிகள் வாசலில் வண்டியை அணைக்காமல் நிற்கிறார்கள். எதைத் தனியாகக் கட்ட வேண்டும், பில்லை எப்படிச் சரிபார்க்க வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதினால் போதும்.

பில் என்றதும் நினைவுக்கு வருகிறது. 5 சதவீத ஜிஎஸ்டியைப் பார்த்துவிட்டு, "இது உனக்கு வர்றதுதானே" என்று சர்வரைக் கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சேவைக் கட்டணத்தைக் கட்டாயமாகச் சேர்க்கக் கூடாது என்று 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொன்னது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. எங்கள் கடையில் அந்தக் கட்டணம் என்றைக்கும் கிடையாது. ஆனால் ஸ்கேன் பண்ணிக் காசு கொடுக்கிற பழக்கம் வந்தபிறகு மேஜையில் விட்டுப்போகிற பத்து ரூபாய் காணாமல் போனது. சில்லறை மிஞ்சினால்தானே விடுவார்கள்! வரியையும் சேவைக் கட்டணத்தையும் முகம் கோணாமல் விளக்கத் தெரிவது இப்போது பரிமாறுகிறவன் வேலையில் சேர்ந்துவிட்டது. டிப்ஸ் போன இடத்தில் சம்பளம் ஏற வேண்டும் என்பது என் போன்ற முதலாளிகளுக்கான பாடம். அதை நீ எழுதினாலும் நாங்கள் படிக்க மாட்டோம்.

இனி அண்ணன் சான்றிதழ் கதை. பிரதமரின் கௌசல் விகாஸ் யோஜனா என்கிற திறன் பயிற்சித் திட்டம் 2015-இல் தொடங்கியபோது, அனுபவத்தில் கற்றதை அங்கீகரிக்கிற ஏற்பாடும் அதில் இருந்தது. பள்ளிக்கூடம் பார்க்காமல் கையால் கற்றவனுக்கும் ஒரு தாள் கிடைக்கும் என்கிற யோசனையைக் கேட்டு நான்தான் அண்ணனை ஒரு பயிற்சி மையத்துக்கு அனுப்பினேன். சட்டையும் தொப்பியும் கொடுத்தார்கள், வரிசையாக நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். கேள்விகள் ஆங்கிலத்தில் இருந்தன, பக்கத்தில் இருந்த ஒரு பெண் தமிழில் சொல்லச் சொல்ல இவர் குறிபோட்டார். யாரும் அவரை ஓர் இலையில் பரிமாறச் சொல்லவில்லை. சான்றிதழ் வந்தது, பெயரில் ஓர் எழுத்து தப்பு. அதை அவர் பீரோவில் வைத்திருக்கிறார். "என்ன படிச்சேன்னு யாராவது கேட்டா காட்டலாம்ல" என்கிறார். யாரும் கேட்கவில்லை.

இதனால்தான் சொல்கிறேன், பாடத்தை மாற்றுவதைவிடத் தேர்வை மாற்றுவது முக்கியம். சோதிக்க வருகிறவர் மூன்று மணிக்குக் கடை ஓய்ந்தபிறகு வரக் கூடாது. முகூர்த்த நாளில், இரண்டாம் பந்தி உட்காருகிறபோது வரட்டும். இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒன்றரைக்கு வரட்டும். எதிரே நின்று பத்து இலை பார்த்தால் யாருக்கு எந்தப் படி என்று அவருக்கே தெரிந்துவிடும். பையன் தமிழில் பதில் சொல்லட்டும், ஒடிசாக்காரன் அவன் மொழியில் சொல்லட்டும். 2009-10-இல் சுற்றுலா அமைச்சகம் ஆரம்பித்த ஹுனர் சே ரோஸ்கார் தக் என்கிற பயிற்சித் திட்டத்தில் சமையலுக்கு எட்டு வாரம், பரிமாறுவதற்கு ஆறு வாரம் என்று வைத்தார்கள். பரிமாற இரண்டு வாரம் குறைவாகப் போதும் என்று முடிவு செய்தவர் யாரோ, அவரை நம் அண்ணனோடு ஒரு பந்தியில் விட வேண்டும்.

தரம் நாடு முழுக்க ஒன்றாக இருக்க வேண்டாமா என்று நீ கேட்பாய். இருக்கட்டும். சுத்தம், ஒவ்வாமை, கணக்கு, விருந்தினர் தொண்டையில் எதுவும் சிக்கினால் என்ன செய்வது, இதெல்லாம் எங்கும் ஒன்றுதான். அதற்கு மேல் ஊருக்கு ஊர் ஒரு பகுதி வைத்துக்கொள்ளுங்கள். இங்கே இலைப் பந்தி, வேறு எங்கோ தட்டில் வைக்கிற தாலிச் சாப்பாடு, கடலோரத்தில் மீன் சாப்பாடு. பொதுவாக மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை தகுதியை மறுபடி பார்க்கிறார்கள் இல்லையா, இந்த முறை விட்டால் அடுத்த வாய்ப்பு மகாமகம் தாண்டித்தான் வரும். 2028-இல் இந்த ஊருக்கு எவ்வளவு கூட்டம் வரும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2016-இல் பரிமாற ஆள் கிடைக்காமல் பட்டது எனக்கு மறக்கவில்லை.

தை முகூர்த்தத்தில் நமக்கு ஒரு பெரிய கல்யாணச் சமையல் ஒப்புக்கொண்டாகிவிட்டது, தாராசுரத்தில் மண்டபம். உன் மாணவர்கள் நாலு பேரையும், முடிந்தால் அந்தக் குறிப்பு எழுதிய ஆசிரியர் ஒருவரையும் கூட்டி வா. தங்க இடமும் சாப்பாடும் என் பொறுப்பு. ஆளுக்கு ஒரு வாளி கொடுப்பேன், ஷூ போட்டுக்கொண்டு வர வேண்டாம் என்று சொல்லிவை. உழவன் எக்ஸ்பிரஸில் முன்பதிவு திறந்ததுமே டிக்கெட் போட்டுவிடு, பொங்கல் சமயத்தில் கிடைக்காது. எத்தனை பேர் என்று கார்த்திகைக்குள் எழுது.

உன்
மச்சான்