பாடத்திட்டக் குழுவினருக்கு: ஓவியங்களை வண்ணத்தில் கொடுங்கள்

மதிப்பிற்குரிய பாடத்திட்டக் குழுவினருக்கும் தேர்வுத் துறையினருக்கும் வணக்கம்.

ஐரோப்பிய ஓவிய வரலாற்றுத் தாளின் விடைத்தாள்களைத் திருத்திய கையோடு இதை எழுதுகிறேன். வினாத்தாளின் கடைசிப் பக்கத்தில் இருந்த படம் உங்களுக்குத் தெரியும். 1905இல் பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் தன் மனைவியை வரைந்த 'பச்சைக் கோடு'. இதில் வண்ணத்தின் பங்கை விளக்குக என்பது கேள்வி. படம் அச்சாகியிருந்ததோ கறுப்பு வெள்ளையில்.

நெற்றியிலிருந்து மூக்கு வழியாக இறங்கும் அந்தப் பச்சைப் பட்டையில்தான் ஓவியத்தின் உயிரே இருக்கிறது. ஒரு கன்னம் மஞ்சள் சாயல், மறு கன்னம் இளஞ்சிவப்பு, நடுவே எந்த மனித முகத்திலும் பார்க்க முடியாத நிறம். சாம்பலாக அச்சடித்ததும் அது வெறும் மூக்கு நிழலாகிவிட்டது. ஒரு மாணவி, 'ஒளி நிழலால் முகத்துக்குத் திரட்சி தந்திருக்கிறார்' என்று எழுதியிருந்தாள். அது அகாடமிகள் என்ற பழைய ஓவியப் பள்ளிகள் கற்றுக்கொடுத்த பாடம். மத்தீஸ் எதை உதறினாரோ, அதையே அவர் செய்ததாக அவளை எழுத வைத்தது நம் வினாத்தாள். கண்ணுக்குத் தெரிந்ததை நேர்மையாக எழுதியவளுக்கு விடைக்குறிப்பின்படி மார்க்கைக் குறைத்தேன். கை கூசியது.

தயவுசெய்து படங்களை வண்ணத்தில் கொடுங்கள்.

வகுப்பிலும் இதே நிலைதான். கைமாறிக் கைமாறி வரும் ஜெராக்ஸ் கட்டில், வான்கோ 1888இல் ஆர்ல் ஊரில் வரைந்த இரவுக் கஃபே ஓர் இருட்டறை. சிவப்புச் சுவரையும் பச்சை பில்லியர்ட்ஸ் மேசையையும் மோதவிட்டு மனிதரின் கொடிய உணர்ச்சிகளைச் சொல்ல முயன்றதாகத் தம்பி தியோவுக்கு எழுதியவர் அவர். நம் ஜெராக்ஸில் இரண்டும் ஒரே சாம்பல், மோதல் எங்கே இருக்கும்? ஜெர்மன் ஓவியர் ஃபிரான்ஸ் மார்க்கின் 1911ஆம் ஆண்டு நீலக் குதிரை, சும்மா நிற்கும் ஒரு குதிரை.

அகாடமி வழி ஓவியர் கபனெல்லின் 'வீனஸின் பிறப்பு' மட்டும் பிழைத்துக்கொள்கிறது. 1863இல் மூன்றாம் நெப்போலியன் வாங்கிய படம் அது. கோடும் வழவழப்பான உருவமும்தான் அதற்கு முதல், வண்ணம் அப்புறம். ஆகவே பிள்ளைகளுக்குக் கபனெல் பெரிய ஓவியராகவும், பின்னால் வந்தவர்கள் வரையத் தெரியாதவர்களாகவும் தெரிகிறார்கள். 1937இல் மியூனிக்கில் நாஜிகள் நவீன ஓவியர்கள் முதலானோரின் அறுநூற்றுக்கும் மேற்பட்ட படைப்புகளைச் 'சீரழிந்த கலை' என்று மாட்டிவைத்து ஜனங்களைச் சிரிக்கச் சொன்னார்கள். அந்த ஓவியர்களை நாமும் இப்படி அரைகுறையாகக் காட்டலாமா?

பாடத்திட்டமும் அப்படித்தான். ஒவ்வொரு ஓவிய இயக்கத்துக்கும் 'சிறப்பியல்புகள் ஐந்து'. 1863இல் பாரிஸின் அதிகாரபூர்வ ஓவியக் கண்காட்சியான சலோனின் நடுவர்கள் ஓவியர் மானேயின் படங்களைத் தள்ளியதும், 1874இல் ஓவியர் மோனேயும் நண்பர்களும் புகைப்படக்காரர் நாதார் முன்பு இருந்த ஸ்டுடியோவில் தாங்களே கண்காட்சி வைத்ததும், 1905இல் ஜெர்மனியின் டிரெஸ்டனில் கட்டடக்கலை மாணவர்கள் நால்வர் 'பாலம்' என்ற ஓவியர் குழுவைத் தொடங்கியதும் ஒரு மார்க் கேள்விகள். அவர்கள் எதன்மேல் கோபப்பட்டார்கள் என்று யாரும் கேட்பதில்லை. 1922 டிசம்பரில் நவீன ஓவியர்கள் காண்டின்ஸ்கி, கிளே ஆகியோரின் படைப்புகளே கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தன. நூறு வருஷம் கழித்து, நம் வகுப்புக்கு ஒரு கலர் பிரிண்ட் வந்து சேரவில்லை.

சரி, பாடத்திட்டத்தை மாற்ற நாளாகும், புரிகிறது. வினாத்தாளின் ஒரு பக்கத்தை வண்ணத்தில் அச்சிட அவ்வளவு நாளாகாது. அடுத்த பருவத் தேர்விலிருந்து அதைச் செய்யுங்கள். வகுப்புக்கு ஒரு ப்ரொஜெக்டர் தாருங்கள். இந்த முறை அந்தக் கேள்வியை எழுதிய எல்லோருக்கும் முழு மதிப்பெண் வழங்க, முடிவுகள் வெளியாகும் முன்பே உத்தரவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

நன்றியுடன்,
ஓவிய வரலாறு நடத்தும் கௌரவ விரிவுரையாளர்