உங்கள் மொட்டைமாடியில் ஒரு முழம் இடம் கொடுங்கள்

செல்லூரில் எங்கள் தெருவில் மாடிவீடு வைத்திருக்கும் அண்ணன்மார், அக்காமார், பெரியவர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

உங்களிடம் நான் பணம் கேட்கவில்லை. மாடிக் கைப்பிடிச் சுவரில் ஒரு முழம் இடம், அப்புறம் ஒரு பிளக் பாயிண்ட், அவ்வளவுதான். உள்சந்து வீடுகள் ஒரே இன்டர்நெட் லைனைப் பகிர்ந்துகொள்ள ஒரு சின்னப் பெட்டி வைக்கத்தான். விவரத்தைப் பலரிடம் வாசலில் நின்று சொல்லிப் பார்த்தேன். பாதியில் போன் வந்துவிடும், இல்லையென்றால் குக்கர் விசில் அடித்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

உள்சந்துகளில் பல வீடுகளில் இருப்பது ஒரே ஒரு போன். அதில் ஒரு நாளைக்கு வரும் ஒன்றரை ஜிபி, அண்ணனும் தங்கையும் மாறி மாறிப் பாடம் பார்ப்பதற்குள் தீர்ந்துவிடுகிறது. தனியாக ஃபைபர் லைன் எடுத்து மாதாமாதம் கட்டக்கூடிய வீடுகள் இல்லை அவை. ஒரே லைனை இருபது வீடு பகிர்ந்துகொண்டால் கட்ட முடியும்.

வேலை எப்படி நடக்கும் என்றால், ஒரு மாடியில் லைன் வந்து இறங்கும். அங்கே இருக்கும் சின்னப் பெட்டி காற்றுவழியாக அடுத்த மாடிப் பெட்டிக்குக் கடத்தும், அது அதற்கடுத்ததற்கு. நடுவில் ஒரு வீட்டில் கரண்ட் போனால் இணைப்பு வேறு மாடி வழியாகத் தானே சுற்றிப் போய்விடும், அதனால்தான் இதற்கு மெஷ், அதாவது வலை, என்று பெயர். ஆனால் பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே மறைப்பு இருக்கக்கூடாது. பெட்டிகள் பேசிக்கொள்ளும் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலை அடர்ந்த வேப்பமரத்தைத் தாண்டத் திணறும், மழையில் நனைந்த இலை என்றால் இன்னும் மோசம். தரைவீட்டில் இருக்கும் நாங்கள் உங்கள் மாடியைக் கேட்பது இதனால்தான்.

இது புதிய வேலை இல்லை. ஸ்பெயினின் கத்தலோனியாவில் ஒசோனா பக்கத்துக் கிராமங்களுக்குக் கம்பெனிகள் லைன் கொண்டுவராததால் ஊர்க்காரர்களே 2004-இல் கூரைக்குக் கூரை ஆண்டெனா வைத்து குய்ஃபி.நெட் என்ற சொந்த இணைய வலையைத் தொடங்கினார்கள், இன்று அதில் முப்பதாயிரத்துக்கும் மேல் இணைப்புப் புள்ளிகள். நம் நாட்டில் இமாச்சலத்துத் தர்மசாலாவில் 2005-இலேயே மலைச்சரிவில் மெஷ் போட்டார்கள், குரங்கு ஏறித் தொங்கினாலும் தாங்குகிற மாதிரி ஆண்டெனாவைப் பொருத்த வேண்டியிருந்தது. 2012-இல் சாண்டி புயல் நியூயார்க்கை அடித்தபோது, ரெட் ஹூக் பகுதி மக்களுக்கு அவர்களே போட்டு வைத்திருந்த சின்ன மெஷ்தான் கைகொடுத்தது.

கரண்ட் பில் ஏறுமா என்று கேட்டீர்கள். பெட்டி பத்து வாட் இழுக்கும் என்று வையுங்கள், இரண்டு மாதத்துக்குப் பதினைந்து யூனிட்கூட வராது. அதற்கான காசையும் எங்கள் பொதுப் பணத்திலிருந்து தந்துவிடுகிறோம். கதிர்வீச்சு பற்றிக் கேட்ட அக்காவுக்கு: உங்கள் வரவேற்பறையில் இருக்கும் வைஃபை பெட்டியின் அதே வகை அலைதான் இது. லைசென்ஸ் வேண்டாமா என்றால், 2018-லேயே இந்த 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு வைஃபைக்கான உரிமம் தேவையில்லை என்று அரசு அறிவித்துவிட்டது.

எவனோ இந்த லைனில் தப்பு செய்தால் போலீஸ் எங்கள் வீட்டுக்கு வருமே என்றாரே கடைசி வீட்டுப் பெரியவர், அது நியாயமான பயம். ஜெர்மனியில் இதேபோல் வைஃபை பகிரும் ஃப்ரைஃபுங்க் குழுக்காரர்கள் இதே பிரச்சினையோடு வருடக்கணக்கில் போராடினார்கள், 2017-இல்தான் சட்டம் திருத்தப்பட்டது. நமக்கு 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புக்கொண்ட, பொது வைஃபைக்கான பிஎம்-வாணி திட்டம் இருக்கிறது. அந்தக் காலத்து எஸ்டிடி பூத் மாதிரி, யார் வேண்டுமானாலும் லைசென்ஸ் கட்டணம் இல்லாமல் இணைப்பு கொடுக்கலாம். வருகிறவர் தன் போன் நம்பரைச் சரிபார்த்துத்தான் உள்ளே வர முடியும், அந்தப் பதிவை வைத்திருக்கும் பொறுப்பு தனி நிறுவனத்துடையது. வீட்டு லைனைச் சும்மா பிரித்துக்கொடுப்பது ஒப்பந்தத்துக்கு விரோதம், அதை நாங்கள் செய்யப்போவதில்லை. 2025 ஜூனில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் போட்ட உத்தரவுப்படி, 200 எம்பிபிஎஸ் வேகம் வரை இந்தத் திட்டத்தில் பகிர்கிறவர்களிடம் லைன் தரும் கம்பெனி வீட்டுக் கட்டணத்தைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் வாங்கக்கூடாது. வீட்டு லைனுக்கு ஆயிரம் ரூபாய் என்றால் நமக்கு அதிகபட்சம் இரண்டாயிரம். இருபது வீட்டுக்குப் பிரித்தால் வீட்டுக்கு நூறு.

இடி விஷயத்தில் மட்டும் உங்களைச் சமாதானப்படுத்த நான் எதுவும் மறைக்க மாட்டேன். எர்த் இல்லாமல் கம்பம் நட்டால் ஆபத்துதான். ஒவ்வொரு கம்பத்துக்கும் எர்த் கம்பி இறக்குவோம், தண்ணீர்த் தொட்டியை விட உயரமாக எதையும் நிறுத்த மாட்டோம், பெரிய இடிமழை தொடங்கும் முன்பே பிளக்கைப் பிடுங்கிவிடச் சொல்வோம். எலக்ட்ரீஷியனிடம் பேசியாகிவிட்டது.

இதுவரை இரண்டு மாடி கிடைத்திருக்கிறது, இன்னும் நான்கு வேண்டும். முக்கியமாகத் தெருமுனையில் நீலத் தொட்டி வைத்த வீடு. அங்கிருந்துதான் பின்சந்து முழுக்கத் தெரிகிறது. ஐப்பசி மழைக்கு முன் கம்பம் நட்டுவிட வேண்டும், ஞாயிற்றுக்கிழமை காலை பெட்டியோடு வருகிறேன். மாடிச் சாவியை மட்டும் எடுத்து வையுங்கள்.